ஈஸ்டர் கூடைக்குள் ஒரு அடைக்கோழி

கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்து ஷேர் ஆட்டோ நின்றதும், என் மடியில் இருந்த கூடை "க்ர்ர்ர்" என்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். கூடை மறுபடி "க்ர்ர்ர்" என்றது.

டிரைவர் கண்ணாடி வழியாக முறைத்தார். "அண்ணா, உள்ள இன்னா வெச்சிகினு கீற?"

"கோழி."

"பிரியாணிக்கா?"

"இல்லப்பா. ஈஸ்டர் கிஃப்ட்டு. என் தங்கச்சி புள்ளைங்களுக்கு. அடையில இருக்கு, முட்டையோட."

அவர் முதலில் செய்த காரியம், பாட்டை நிறுத்தியது. "அடைக்கோழியா? ஏறும்போதே சொல்லக் கூடாதா?" என்றவர், பச்சை விழுந்த பிறகு வண்டியை ஓட்டிய விதம் இருக்கிறதே, பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றிப் போகிறவர்கூட அப்படி ஓட்டமாட்டார். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, ஒரு சக்கரமாக இறக்கினார். பின் சீட்டில் ஒருவர், "இன்னா தலைவரே, தள்ளிகினு போறதுதானே" என்றார்.

"முட்ட கீதுய்யா," என்றார் டிரைவர், தன் கோழியைப் போல.

சேலையூரில் இறங்கி, மஞ்சள் துண்டு போட்டு மூடிய கூடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தங்கை வீட்டுத் தெருவுக்குள் நடந்தேன். மூன்றாவது வீட்டு வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்ற அம்மா, "தாய்மாமன் சீரா? யாருக்குக் காது குத்து?" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் பிழை இல்லை. இது சீர்தான். உள்ளேயிருந்து சத்தம் போடுகிற சீர்.

ஸ்டெல்லாவின் கூடைச் சட்டம்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் ஓசூர் லாரிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள். "எங்க வீட்டைப் பத்தி எழுதுவியா மாட்டியா?" என்றாள். எழுதுகிறேன். பிறகு என்னைத் திட்டக்கூடாது.

எங்கள் இருவரில் படித்தவள் அவள். நான் ஏழாம் வகுப்போடு பையை வைத்துவிட்டு ஊர் சுற்றப் போனேன். அவள் டீச்சர் டிரெயினிங் முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் சில காலம் வேலை பார்த்து, தனக்குப் பிள்ளைகள் பிறந்ததும் வேலையை விட்டாள். இப்போது பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவளே வீட்டில் பாடம் நடத்துகிறாள். பெரியவள் இவாஞ்சலின். இவா என்று கூப்பிடுவோம், ஒன்பது வயது. சின்னவன் சாமுவேல், ஐந்து வயது. பெட்ரூம் சுவரில் உலகப் படம், சமையலறைக் கதவில் வாய்ப்பாடு, ஃபிரிட்ஜில் வேத வசனம்.

தெருவில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. "தாய்மாமன் ஸ்கூலுக்குப் போவல, அதான் புள்ளைங்களும் போவல." நான் பள்ளியை விட்டு ஓடினேன், இவர்கள் வீட்டுக்குள்ளேயே பள்ளியை வைத்திருக்கிறார்கள் என்ற வித்தியாசத்தை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வாரத்தில் ஒரு நாள் நானும் அங்கே வாத்தியார். பாடம், பஸ் ரூட். தாம்பரத்திலிருந்து எந்த ஊருக்கு எப்படிப் போவது என்று இவாவிடம் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வாள்.

ஈஸ்டருக்குக் கூடை கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எங்களுக்கு ஈஸ்டர் என்றால் இருட்டில் எழுப்பிவிடுவார்கள், மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு ஆராதனைக்குப் போவோம், திரும்பி வந்து லெந்து என்கிற நாற்பது நாள் நோன்புக் காலம் முழுக்கச் சாப்பிடாத கறியைச் சாப்பிடுவோம். கூடை, ஸ்டெல்லாவுக்கு வீட்டுப் பள்ளி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வந்ததும் அதற்கு ஒரு சட்டம் போட்டாள். கூடையில் வைக்கிற எதுவும் அன்று சாயங்காலமே உடையக்கூடாது. கையால் செய்ய ஏதாவது வேலை தர வேண்டும். உயிர்த்தெழுதலைப் பற்றி அது ஏதாவது சொல்ல வேண்டும்.

தாம்பரம் மார்க்கெட்டில் போய்த் தேடிப்பாருங்கள், இந்த மூன்றும் சேர்ந்த பொருள் கிடைக்கிறதா என்று! நான் கொண்டுபோன சோப்புக்குமிழித் துப்பாக்கி, விசில் வாத்து, தலையாட்டும் பொம்மை எல்லாம் வாசலோடு திரும்பின.

"சோப்புக்குமிழி உயிர்த்தெழுதலைப் பத்தி என்னண்ணா சொல்லுது?" என்றாள்.

"மேல போவுதே."

"போய் உடையுதே!"

அவளே தேர்ந்தெடுத்தவை நன்றாகத்தான் இருந்தன. தெற்கேயிருந்து வந்த பனையோலைப் பெட்டி, அதில் அவரை விதை, இவாவுக்குப் பூதக்கண்ணாடி, சாமுவுக்குக் களிமண். ஸ்டெல்லாவின் கணவர், என் மாப்பிள்ளை எட்வின் தன் பங்குக்கு இவாவுக்கு ஸ்குரூடிரைவர் செட் ஒன்று வைத்தார். வீட்டு அழைப்பு மணி அதன் பிறகு அடிப்பதில்லை.

ரோஜாத் தொட்டி

சட்டத்தில் நான்காவதாக ஒரு வரி போன வருடம் சேர்ந்தது. உயிருள்ளது எதுவும் கூடாது.

போன ஈஸ்டருக்கு எட்வின் ஆசைப்பட்டு மார்க்கெட்டில் கலர் கோழிக்குஞ்சு வாங்கி வந்தார். சாயம் போட்டு அட்டைப்பெட்டியில் விற்பார்களே, அது. சாமுவுக்குப் பச்சை, இவாவுக்கு ரோஸ். பச்சை மறுநாளே போய்விட்டது. சாமு அதை மறந்து களிமண்ணுக்குப் போய்விட்டான். ரோஸ் இன்னும் இரண்டு நாள் இருந்து, அதுவும் போனது.

இவா அழவில்லை. தன் கைக்குட்டையில் சுற்றி, பின்பக்கம் ரோஜாத் தொட்டியில் புதைத்து, மேலே ஒரு தட்டையான கல்லை வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் ஆராதனையில் மிச்சமான மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். டிபனுக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மூடி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இயேசப்பாவுக்கு மட்டும்தானாம்மா?" என்று கேட்டாள். ஒரு வருடம் முழுக்க யார் என்ன கேள்வி கேட்டாலும் பதில் சொல்லும் ஸ்டெல்லா, அன்று தோசைக் கரண்டியோடு நின்றாள்.

அதற்குப் பிறகு இவா ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை. ஈஸ்டர் பாட்டு வந்தால் உதட்டை மட்டும் அசைப்பாள். எட்டு வயதில் அவள் ஏதோ ஒரு கணக்கை முடித்துவிட்டதுபோல் ஸ்டெல்லாவுக்குத் தோன்றியது. இந்த வருடம் லெந்து தொடங்கியபோது என்னிடம் சொன்னாள்: "இந்த வாட்டி அவ கூடையில என்ன வெக்கிறதுன்னு எனக்கு பயமா இருக்குண்ணா."

அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிடமே முடிவு செய்தேன், கூடை என் பொறுப்பு. தாய்மாமன் எதற்கு இருக்கிறான்?

முட்டை லாரி

யோசனை எங்கிருந்து வந்தது என்றால், நாமக்கல்லில் இருந்து.

ஒரு காலத்தில் முட்டை லாரியில் கிளீனராக இருந்தேன். இரவெல்லாம் ஓட்டம், பகலில் அட்டைகளுக்கு நடுவே தூக்கம். சம்பளம் ஒழுங்காக வராது. வராத வாரங்களில் விரிசல் விட்ட முட்டைதான் சாப்பாடு. ரேடியேட்டர் வெந்நீரில் போட்டுத் தின்போம். அப்படி ஒரு வாரம் முழுக்க முட்டை தின்றபின் டிரைவரிடம் கேட்டேன், "இவ்ளோ முட்டை போவுதே, ஒண்ணாச்சும் வழியில பொரிக்காதா?" அவர் சிரித்ததில் லாரி கொஞ்சம் ஆடியது. பண்ணை முட்டை பொரிக்காது, சேவல் பார்க்காத முட்டை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் அதற்குப் பிறகும் பல நாள் அட்டையில் காது வைத்துப் பார்த்ததுண்டு. பசியில் மனிதன் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

அது ஞாபகம் வந்தது. செத்துப்போகிற குஞ்சைக் கொடுத்தால்தானே தப்பு? மூடியிருக்கிற முட்டையைக் கொடுத்தால்? ஈஸ்டர் காலையில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளேயிருந்து உடைந்தால்? உடைந்தாலும் வீணாகாதது, கைவேலை உள்ளது, உயிர்த்தெழுதல் பற்றிப் பேசுவது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நான்காவது வரி, முட்டை உயிருள்ளதா இல்லையா என்பதில் விவாதத்துக்கு இடமிருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

ஒற்றைப்படையும் மிளகாயும்

நான் குடியிருப்பது மாடம்பாக்கத்தில், சிவன் கோவிலுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில். வீட்டுக்காரர் ருக்மணி அக்கா. ஒரு காலத்தில் சுற்றிலும் அவர்கள் நிலம். இப்போது சுற்றிலும் அவர்கள் வாடகைக்கு விட்ட வீடுகள். நெல் போனாலும் கோழி போகவில்லை. பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி எப்போதும் மேயும்.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு என்னைவிடக் குஷி. "அட, நல்லா கீதே! அந்தக் கறுப்பி அடைக்குத்தான் குந்திகினு கீது. எறக்கையத் தூக்கினு எல்லாரையும் கொத்துது."

ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமை அடை வைத்தால், ஈஸ்டர் அன்று பொரிக்கும் என்று விரல் விட்டுச் சொன்னேன். "வெச்சுட்டாப் போச்சு," என்றார். மூங்கில் கூடையில் மணல் போட்டு, வைக்கோல் விரித்து, ஒற்றைப்படையாக ஒன்பது முட்டை. நடுவில் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய்.

"மிளகா எதுக்குக்கா?"

"இடி இடிச்சா முட்ட கெட்டுப்பூடும்யா. ஆணி, கரி, மிளகா வெச்சா ஒண்ணும் ஆவாது."

"இந்த வெயில்ல இடி எங்க இருந்து வரும்?"

"வந்துட்டா? நீ வந்து அடையில குந்துவியா?"

அன்று மாலையே சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பந்தல் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். ஒரு கம்பெனி விழா, அதை ஒட்டி இரண்டு கல்யாணம், ஒரு கட்சிக் கூட்டம் என்று வேலை நீண்டுகொண்டே போனது. ஈஸ்டருக்கு முந்தின நாள்தான் அறைக்குத் திரும்பினேன்.

அக்கா வீட்டில் இல்லை. பெரும்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போன் போட்டேன். "எட்த்துக்கினு போ பீட்டரு. துணி போட்டு மூடிக்கோ, ஆட்டாத. நாளிக்கு பிரியாணிக்கு நான் வந்துடறேன்," என்பதோடு லைன் கட்டாகிவிட்டது. கறுப்பி கூடைக்குள் பாறை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் ஷேர் ஆட்டோ. அதுதான் மேலே சொன்னேனே.

கல் நகரவில்லை

விடியற்கால ஆராதனை முடிந்து வந்து, புதுத்துணியோடு எல்லோரும் பின்பக்கம் துவைக்கிற இடத்தில் கூடினோம். ஓலைப்பெட்டிகளுக்கு நடுவே மூங்கில் கூடை. நான் துண்டை விலக்கினேன்.

சாமு கத்தினான். எட்வின், "மச்சான்!" என்றார். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை எழுதுவதற்கில்லை.

இவா மட்டும் மெல்லக் குனிந்தாள். "முட்டையா மாமா? பொரிக்குமா?"

"இன்னிக்குத்தான்," என்றேன். மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

கறுப்பி தீனிக்கு எழுந்தபோது இவா பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தாள். விரிசல் இல்லை. காதில் வைத்தாள். சத்தம் இல்லை. எட்டு மணி ஆனது, பத்து ஆனது. சாமு, "தட்டிப் பாக்கலாமா?" என்றான். கறுப்பி அவனைத் தட்டினாள்.

ஸ்டெல்லா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். பிரியாணி தம்மில் இருந்தது. "அண்ணா, உன்கிட்ட என்ன சொன்னேன்? இன்னிக்குப் போய், அவ கையில, தொறக்காத முட்டையக் குடுத்திருக்கியே. சாயங்காலம் அவ என்னைக் கேட்டா நான் என்ன சொல்வேன்?"

நான் சுவரில் இருந்த வாய்ப்பாட்டைப் படித்தேன். ஏழாம் வாய்ப்பாடு. மூவேழு இருபத்தொன்று சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது இவா ரோஜாத் தொட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த இடத்திலிருந்தே ஓசூர் லாரி ஒன்றில் ஏறிவிடலாம் போல இருந்தது.

போர்வைக்குள்

அப்போதுதான் ருக்மணி அக்கா டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா எல்லாரும் எழவு வூடு மாதிரி குந்திகினு கீறீங்க? பண்டிகை இல்ல?"

"பொரிக்கலக்கா," என்றேன்.

"இன்னிக்கு எப்டிய்யா பொரிக்கும்?"

"மூணு வாரம் ஆச்சே."

"நீ சொன்ன ஞாயித்துக்கெழமைக்கு அப்பால மூணாம் நாளு அமாவாச. தேய்பிறையில எவனாச்சும் அடை வெப்பானா? அத்தினியும் கூமுட்டையா பூடும். நான் அடுத்த ஞாயித்துக்கெழமதான் முட்டைய எறக்கினேன்."

"அப்ப என் கண்ணு முன்னாடி வெச்சது?"

"உனக்குக் காட்டறதுக்கு வெச்சேன். நீ தெருமொனை தாண்டனதும் எட்த்துட்டேன். இதுக்குப் போய் இம்மாம் பேஜாரா?" பிறகு இவாவைப் பார்த்து, "அடுத்த வாரம் இந்நேரம் பாரு கண்ணு," என்றார்.

இவா உள்ளே ஓடி, தினசரிக் காலண்டரின் பௌர்ணமி அமாவாசை அட்டவணையைப் பார்த்து, அம்மாவின் நோட்டைப் பார்த்து, வெளியே ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா! ஈஸ்டர் எப்பவும் பௌர்ணமி முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழமதானே? நீங்கதானே சொல்லித் தந்தீங்க! அதுல இருந்து மூணு வாரம் பின்னாடி போனா அமாவாசைகிட்டதான் வரும். ஆன்ட்டி தள்ளித்தான் வெப்பாங்க. அவங்க கோழி ஈஸ்டருக்கு லேட்டாத்தான் பொரிக்கும்!"

"எல்லா வருஷமுமா?" என்றார் எட்வின்.

"அநேகமா எல்லா வருஷமும்!" என்று குதித்தாள். பதினைந்து நூற்றாண்டுக்கு மேலாகச் சபைப் பெரியவர்கள் இதை யோசிக்காமல் விட்டுவிட்டார்களே என்பது போல ஒரு ஆனந்தம்.

ஆனாலும் ஸ்டெல்லாவுக்கு அடுத்த வாரம் வரை பொறுமை இல்லை. கறுப்புப் போர்வையைக் கொண்டு வந்தாள். பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது. நாங்கள் ஆறு பேரும் ஒரே போர்வைக்குள், புழுங்கிக்கொண்டு. ஒரு முட்டையை ஸ்டெல்லா எடுத்துப் போன் விளக்கின் மேல் வைத்தாள்.

முட்டை ஆரஞ்சு நிறமாக எரிந்தது. உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள், மரக்கிளை மாதிரி. நடுவே ஒரு கறுப்புப் பொட்டலம். அது ஒரு உதை விட்டது.

அலறியது ஸ்டெல்லா. "அசையுது! எட்வின், அசையுது!" போர்வை விலகியது, பிரியாணி அடிபிடித்த வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. இவா அம்மாவின் கையிலிருந்து முட்டையை வாங்கி மறுபடி போர்வைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. ருக்மணி அக்காதான் போய் அடுப்பை அணைத்தார்.

தோமாவின் ஞாயிறு

அந்த வாரம் முழுக்கப் பாடங்கள் எல்லாம் கோழிப் பக்கத்தில் நடந்தன. கணக்கு, இங்கிலீஷ், பஸ் ரூட், எல்லாமே. கறுப்பிக்கு இப்போது தாம்பரம் டு வேளச்சேரி தெரியும்.

அடுத்த ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கிளம்பும் நேரம். இவா புதுச் சட்டையோடு கூடை முன்னால் குப்புறக் கிடந்தாள். முட்டைக்குள்ளிருந்து "கீ" என்று சத்தம். ஒன்றில் நட்சத்திரம் மாதிரி விரிசல்.

"இவா, மணியாச்சு. எந்திரி," என்றாள் ஸ்டெல்லா. ஜுரத்தில்கூட ஆராதனைக்குப் போகிறவள் அவள்.

"அம்மா, இன்னிக்கு என்ன பாடம் வாசிப்பாங்க?"

"தோமாவைப் பத்தி." பரங்கிமலைக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு தோமாவைத் தெரியாத பிள்ளை கிடையாது. உயிர்த்தெழுந்த இயேசு முதல் ஞாயிறு வந்தபோது கூட்டத்தில் இல்லாமல் போய், காயத்தில் விரல் வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர்.

"தோமாவும் மொத ஞாயித்துக்கெழம கூட்டத்துக்குப் போகலியே. அவரை விட்டுட்டாங்களா?"

எட்வின் சாவியை மேஜையில் வைத்தார். ஸ்டெல்லா பட்டுப்புடவையோடு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

விரிசல் ஓட்டையானது. ஓட்டையில் ஒரு அலகு நுனி. இவா சுண்டுவிரலை நீட்டினாள்.

"விரல வெக்காத," என்றாள் ஸ்டெல்லா.

"தோமாவ மட்டும் வெக்கச் சொன்னாரே!"

ஸ்டெல்லா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஓடு இரண்டாகி, ஈரமாக, நசுங்கிய பஞ்சு மாதிரி ஒன்று வெளியே சரிந்தது.

சாமு ஏமாந்துபோனான். "என்ன இவ்ளோ அசிங்கமா இருக்கு?"

"இப்பதான எழுந்திருக்கு," என்றாள் இவா. "நீ எழுந்ததும் எப்படி இருப்ப, கண்ணாடில பாத்திருக்கியா?"

பிறகு அவள் பாடினாள். போன வாரம் வாயசைத்த அதே பாட்டு. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். கறுப்பி கொஞ்சம் பின்வாங்கினாள்.

மாலைக்குள் எட்டு பொரித்துவிட்டது. ஒன்று மட்டும் பொரிக்கவில்லை. மறுநாள் இவா அதைத் தூக்கிக்கொண்டு போய் ரோஜாத் தொட்டியில் புதைத்தாள். கைக்குட்டை இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. கையைக் கழுவிவிட்டுக் குஞ்சுகளிடம் ஓடிவிட்டாள்.

மூன்றாம் நாள் அவள் அந்தப் பக்கம் போகவேயில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. காலையில் யாரும் பார்க்காத நேரமாகப் போய்த் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"மாமா, அங்க என்ன பாக்குற?" பின்னாலிருந்து இவா.

"செடிக்குத் தண்ணி ஊத்த வந்தேன்."

"கையில சொம்பே இல்லியே!"